மேடத்துக்கு விழா எடுக்கும் முன்: பழைய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் அரசுக் கலைக் கல்லூரியின் வேதியியல் துறையில் படித்து வெளியே வந்த அண்ணன்கள், அக்காக்கள், என் செட் நண்பர்கள், எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நமக்கு வேதியியல் நடத்திய மேடத்துக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. மண்டபம் பேசியாயிற்று, ஃபிளெக்ஸுக்கு நல்ல போட்டோ தேடுகிறார்கள், மோதிரம் அரைப் பவுனா ஒரு பவுனா என்று பேச்சு ஓடுகிறது, பெங்களூரில் இருப்பவர்கள் ரயிலுக்கு டிக்கெட் போடத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் நல்ல காரியம். என் பங்கை நானும் கொடுத்துவிட்டேன். ஆனால் சால்வை போட்டு, சாப்பாடு போட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்து போவதோடு இது முடிந்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. மேடம் நம் கல்லூரியின் நிரந்தரப் பேராசிரியர் கிடையாது. கௌரவ விரிவுரையாளர். 2006-இல் அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி, அதாவது நாம் மதிய ஷிப்ட் என்று சொல்வது, தொடங்கியபோது அதற்காக எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்தவர். இந்த 2025 மே மாதத்தோடு நம் கல்லூரியில் அவருக்குப் பத்தொன்பது கல்வியாண்டுகள் முடிகின்றன, வயதும் அறுபது ஆகிறது. நிரந்தரப் பணியில் இருப்பவர் ஓய்வு பெற்றால் உத்தரவு வரும், பணிக்கொடைக்குக் கணக்குப் போடுவார்கள், சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்புக்குப் பணம் வரும். மேடத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஜூனில் கல்லூரி திறக்கும்போது கௌரவ விரிவுரையாளர்களின் புதுப் பட்டியல் வரும், அதில் அவர் பெயர் இருக்காது. அவ்வளவுதான்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த நமக்கு இது எப்படித் தெரியும்? துறையிலேயே முதலில் வருவதும் கடைசியில் போவதும் அவர்தான். லேப் சாவி அவரிடம் இருக்கும். இன்டர்னல் மார்க்கில் சந்தேகமா, ஸ்காலர்ஷிப் படிவத்தில் கையெழுத்தா, போனஃபைடு வேண்டுமா, எதற்கும் முதலில் அவரிடம்தான் போய் நிற்போம். யாரிடம் போக வேண்டும், அந்த அறையில் எப்போது ஆள் இருப்பார்கள், என்னென்ன ஜெராக்ஸ் கையில் வேண்டும் என்று எல்லாம் சொல்லி அனுப்புவார்.

அவர் பாடம் நடத்தும் விதம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பெர்மாங்கனேட் டைட்ரேஷன், ஒரு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்போமே, நினைவிருக்கிறதா? பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட அந்த நீளக் கண்ணாடிக் குழாயில், எப்போதும் திரவத்தின் கீழ் வளைவைப் பார்த்துத்தான் ரீடிங் எடுக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருப்போம். பெர்மாங்கனேட்டை ஊற்றினால் அடர் ஊதாவாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும், கீழ் வளைவே தெரியாது. எல்லோரும் முழிப்போம். மேடம் பக்கத்தில் வந்து நின்று, "என்னப்பா தெரியுது உன் கண்ணுக்கு?" என்று கேட்பார். மேல் விளிம்புதான் தெரிகிறது என்று நாமே சொல்ல வேண்டும். "அப்ப அதையே எடு. ரெண்டு தடவையும் ஒரே இடத்தைப் பார்த்து எடுத்தா வித்தியாசம் சரியா வரும்ல?" அவ்வளவுதான் விளக்கம். ஆக்ஸாலிக் அமிலத்தை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பதற்கும் அப்படித்தான். தெர்மாமீட்டர் எல்லாக் குழுவுக்கும் இருக்காது. கூம்புக் குடுவையின் கழுத்தைப் பிடித்தால் கை பொறுக்க வேண்டும், அடியைத் தொட்டால் பொறுக்கக் கூடாது என்பார். இன்று ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகளோடு வேலை செய்கிறேன். ரீடிங் எடுக்கும்போது கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் மட்டும் அந்த லேபில் வந்ததுதான்.

வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளியிலிருந்து ஒரு பையன் எங்கள் செட்டில் படித்தான். வீட்டில் எல்லோரும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள், சீசனில் அவனும் போவான். அதனால் லீவு போடுவான், வந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டான். மேடம் ஒருநாள் அவனிடம், பாத்தியிலிருந்து அள்ளிய உப்பில் ஒரு பொட்டலம், கழுவிக் காயவைத்த உப்பில் ஒரு பொட்டலம், பாத்தியில் உப்பு எடுத்தபின் நிற்கும் கசப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வா என்றார். அடுத்த பிராக்டிகலில் மோர் (Mohr) என்பவர் பெயரில் உள்ள முறையில் குளோரைடு கண்டுபிடிக்கும் சோதனைக்கு பாட்டிலில் இருந்த சோடியம் குளோரைடை எடுக்கவில்லை, அவன் கொண்டுவந்த உப்பைத்தான் எடுத்தோம். குரோமேட் போட்ட மஞ்சள் கரைசலில் சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுந்து செங்கல் நிறம் வந்து நிற்கும் இடம்தான் முடிவு. சில்வர் நைட்ரேட் விலை அதிகம், துறைக்குக் கிடைப்பது கொஞ்சம், அதனால் நீர்த்த கரைசலாகப் போட்டு ஒவ்வொரு குழுவுக்கும் அளந்து கொடுத்தார். இரண்டு உப்புக்கும் கணக்கில் வித்தியாசம் வந்தது. ஏன் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அந்தப் பையன் எழுந்து, கழுவாத உப்பில் அந்தக் கசப்புத் தண்ணீர் ஒட்டியிருக்கும் மேடம், அதனால்தான் சீக்கிரம் ஈரமாகும் என்றான். மெக்னீசியம் என்ற பெயரை மட்டும் மேடம் போர்டில் எழுதினார், மிச்சத்தை அவனையே சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து அவன் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறான்.

எந்தப் பாடத்திட்டத்திலும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. அப்படிச் செய்ததற்காக அவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்ததும் இல்லை.

மதிய ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது குளிர்காலத்தில் இருட்டிவிடும். வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கம் போகிற பெண்களுக்கு பஸ் கிடைப்பதே பெரிய பாடு. கூட்டமான வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மேடம் வீடு அதற்கு நேர் எதிர்த் திசையில். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நின்று கடைசிப் பெண் ஏறிய பிறகுதான் அவர் தன் வண்டியைப் பார்ப்பார். கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். யார் எந்த ஊர், எந்த பஸ், வீட்டில் யாருடைய போன் நம்பர் என்று அதில் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு மூன்று வீடுகளுக்காவது போன் போகும், "பாப்பா வந்துட்டாளா?" என்று. இதை நாம் அன்றைக்கு சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். எத்தனை வீட்டில் அந்த ஒரு போனை நம்பித்தான் பெண்ணைத் தொடர்ந்து காலேஜுக்கு அனுப்பினார்கள் என்று பெற்றோர்களைக் கேட்டால்தான் தெரியும். என் தங்கையை மதிய ஷிப்டில் சேர்க்க அப்பா சம்மதித்ததே மேடம் இருக்கிறார் என்பதால்தான்.

இரண்டாம் வருடத்தில் கல்யாணம் பேசப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது உங்கள் செட்டுக்கு உங்களுக்கே தெரியும். மேடம் அந்த வீடுகளுக்குப் போவார். சண்டை போடமாட்டார், சட்டம் பேசமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "கல்யாணத்தைப் பண்ணுங்க, நான் வேண்டாங்கல. மே மாசத்துக்கு அப்புறம் வச்சுக்குங்க, அஞ்சாவது செமஸ்டரும் ஆறாவது செமஸ்டரும்தான் பாக்கி" என்று ஆரம்பிப்பார். எல்லா வீட்டிலும் அது நடந்துவிடவில்லை. நடக்காத வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சை ஃபீஸ் கட்டி, ஹால் டிக்கெட்டை வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளையிடமே பேசித் தேர்வு எழுத வைத்திருக்கிறார்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. என் தங்கை அப்போது இரண்டாம் வருடம். எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்து, ஓட்டு வீடெல்லாம் கூரை பிய்ந்து, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தோம். காலேஜ் திறந்தபோது பாதிப் பிள்ளைகளிடம் புத்தகம் இல்லை, ரெக்கார்ட் நோட்டு நனைந்து ஒட்டிப்போயிருந்தது, சிலருக்கு பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டே போய்விட்டது. மேடம் வீட்டிலும் ஓடு பறந்திருந்தது. அவர் செய்த முதல் வேலை, யாரிடம் என்ன சான்றிதழ் போயிற்று என்று வகுப்பு வகுப்பாகப் பட்டியல் எடுத்தது. நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார், எழுத முடியாதவர்களுக்கு அவரே எழுதினார். சீனியர்களின் பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் போட்டார். நம்மில் சிலரிடமிருந்தும் வாங்கினாரே, ஞாபகம் வருகிறதா? அந்த வருடம் தங்கை வகுப்பில் படிப்பை நிறுத்த நினைத்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார்.

கொரோனா வந்த 2020-இல் தங்கைக்குக் கடைசி செமஸ்டர். தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. ஸ்மார்ட் போன் இல்லாத பிள்ளைகளுக்கு அவர் சாதாரண போனிலேயே பாடம் சொன்னார். ஒரு பக்கம் அவர் வாசிப்பார், இந்தப் பக்கம் பிள்ளை எழுதிக்கொள்ளும். தங்கைக்கு போன் இருந்தது, ஆனால் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு இல்லை, அவளுக்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த வகுப்பு நடந்ததை நான் ஊரில் இருந்தபோது பார்த்தேன்.

இவ்வளவும் செய்தவருக்கு அரசு என்ன கொடுத்தது என்று பார்க்கலாம். கௌரவ விரிவுரையாளர்களின் தொகுப்பூதியம் 2023-இல்தான் மாதம் 25,000 ரூபாய் ஆனது. அதற்கு முன் 20,000, அதற்கும் முன் 15,000. ஆரம்ப வருடங்களில் அதைவிட ரொம்பக் குறைவு. இதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம்தான், மே மாதம் சம்பளம் கிடையாது. ஆக இப்போதைய கணக்கில் வருடத்துக்கு 2,75,000 ரூபாய். அதே துறையில், அதே பாடத்தை, அதே பிள்ளைகளுக்கு நடத்த இன்று ஒரு உதவிப் பேராசிரியர் நிரந்தரமாகச் சேர்ந்தால் 7-ஆவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளமே மாதம் 57,700 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம். நிரந்தரப் பேராசிரியர்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அது அவர்களுக்கு நியாயமாக வர வேண்டிய சம்பளம். நம் துறையில் நல்ல நிரந்தரப் பேராசிரியர்களும் இருந்தார்கள், அவர்களிடமும் படித்தோம். அந்த நியாயம் ஏன் மேடத்துக்கு வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழுவே 2019 ஜனவரியில் இதற்கு ஒரு விகிதம் சொல்லியிருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்கள் போன்ற வருகைதரு ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை. தகுதி மட்டும் நிரந்தரப் பணிக்கு உள்ளது போலவே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், நெட் (NET) அல்லது செட் (SET) என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லாவிட்டால் முனைவர் பட்டம். மேடம் எம்.ஃபில். முடித்துத்தான் வேலைக்கு வந்தார். பின்னால் விதி மாறியதும் 2012-இல் நடந்த செட் தேர்வை நாற்பத்தேழு வயதில் எழுதித் தேறினார். அப்போது நான் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சால்ட் அனாலிசிஸ், அதாவது கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை, செய்துகொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கத்து மேசையில் ரெக்கார்டுகளுக்கு நடுவில் கைடை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். யாராவது சோதனைக்குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் மூடிவிட்டு எழுந்து வருவார். நைட்ரேட் இருப்பதைக் காட்டும் பிரவுன் ரிங் வந்துவிட்டது என்று கத்தினால் அவர் முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, தன் ரிசல்ட் வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டாரா என்று தெரியாது. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார், எதற்கு என்றுகூடச் சொல்லவில்லை.

நிரந்தரப் பணிக்கு அவர் முயற்சி செய்யவில்லையா என்று யாராவது கேட்கலாம். அறிவிப்பு வந்தால்தானே முயற்சி செய்ய? அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான அறிவிப்பு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று துறையில் வேலை தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2019-இல் 2,331 இடங்களுக்கு அறிவித்தார்கள், அது நடந்து முடியவில்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடங்களுக்கு அறிவித்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போய் 2025 மே வரையிலும் நடக்கவில்லை. நடப்பதற்குள் மேடத்துக்கு வயது அறுபது. தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேல் கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். இவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் எத்தனை துறைகளில் வகுப்பு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதத்தில் நம் மாநிலம் நாட்டிலேயே முன்னணியில் இருக்கிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம், எனக்கும் பெருமைதான். புதுமைப் பெண் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருவதை மனதார வரவேற்கிறேன், என் தங்கை படிக்கும்போது அது இருந்திருந்தால் அம்மா தோட்டைக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்காரும் வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவருக்கு மே மாதம் வீட்டில் அடுப்பெரிய வழி என்ன என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டுமில்லையா?

சரி, நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இதைவிட நல்ல யோசனை இருந்தால் அதையே செய்வோம்.

முதலாவது, எழுதுவது. நிரந்தரப் பணியாளருக்குப் பணிப்பதிவேடு என்று ஒன்று இருக்கும், சேர்ந்த நாள் முதல் ஓய்வு வரை எல்லாம் அதில் ஏறும். மேடத்தின் பத்தொன்பது வருடம் எங்கே பதிவாகியிருக்கிறது? வருகைப் பதிவேட்டிலும் சம்பளப் பில்லிலும், கேட்டால் கிடைக்கிற ஒரு பக்க அனுபவச் சான்றிதழிலும். அதில் உப்புப் பொட்டலம் இருக்காது, பஸ் ஸ்டாண்ட் இருக்காது, கஜா இருக்காது. அதனால் நாம் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்த வருடம் படித்தேன், எந்த ஊர், மேடம் எனக்கு என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறேன். அலங்காரமாக எழுத வேண்டாம், அன்பான மேடம், தெய்வம் போன்றவர் என்றெல்லாம் நிரப்ப வேண்டாம். நடந்ததை எழுதுங்கள், தேதி ஞாபகம் இருந்தால் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து பைண்ட் செய்து விழாவில் மேடையிலேயே அவர் கையில் ஒரு பிரதி கொடுப்போம். இன்னொரு பிரதி உயர்கல்வித் துறைக்குப் போகட்டும், மனுவோடு.

அந்த மனுவில் என்ன கேட்க வேண்டும் என்பதில் தெளிவாக இருப்போம். மானியக் குழு சொன்ன 50,000 ரூபாய் விகிதத்தைக் கொடுங்கள். பன்னிரண்டு மாதமும் கொடுங்கள். வருடக்கணக்காகப் பணி செய்துவிட்டு அறுபது வயதில் போகிறவர்களுக்கு அவர்கள் செய்த வருடத்தைக் கணக்கிட்டு ஒரு தொகை கொடுங்கள், மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். காலி இடங்களை நிரப்பும் தேர்வை இனியும் தள்ளாமல் நடத்துங்கள், அதில் பல வருட அனுபவத்துக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். மேடத்துக்கு இதில் பாதி இனி பயன்படாது. அவருக்குப் பின்னால் நம் துறையில் இருக்கும் மற்ற கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பயன்படும், அவர்களில் இரண்டு பேர் மேடத்திடமே படித்தவர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இப்போது பணியில் இருக்கும் யாரையும் இந்த மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு ஜூனில் மறுபடி பெயர் வர வேண்டும், அந்தச் சங்கடத்தில் அவர்களை நிறுத்த வேண்டாம். மாணவர்களாக இருந்த நாம்தான் கேட்க வேண்டும், நம்மை யாரும் வேலையை விட்டு எடுத்துவிட முடியாது. விழாவில் இதைப் பேசினால் கல்லூரி முதல்வர் சாருக்குத் தர்மசங்கடம் ஆகுமே என்று சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. சம்பளத்தை முடிவு செய்வது அவர் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். மேடையில் யாரையும் குறை சொல்ல வேண்டாம். கடிதத் தொகுப்பை மேடத்திடம் கொடுப்போம், மனுவைத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் தனியாக நேரில் போய்க் கொடுப்போம், முதலமைச்சரின் முகவரிக்கும் அனுப்புவோம்.

அப்புறம் மோதிரம். மேடம் மோதிரம் போட்டு நான் பார்த்ததில்லை, லேபில் அமிலத்தோடு புழங்குகிறவர், கையில் ஒன்றும் போட மாட்டார். வசூலாகும் பணத்தை அவர் பெயரில் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன? அறுபது வயது ஆனவர்கள் சேரலாம், ஐந்து வருடத் திட்டம், இப்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வரும். ஒரு லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 2,050 ரூபாய். நாம் இத்தனை பேர் இருக்கிறோம், இத்தனை செட், ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே நல்ல தொகை சேரும். மேடம் பணம் வாங்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். எனக்குக் கட்டிய பரீட்சை ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அடுத்து வர்ற பிள்ளைக்குக் கட்டு" என்று அனுப்பிவிட்டார். அதனால் இந்த விஷயத்தை அக்காக்கள் யாராவது கையில் எடுங்கள். முதல் செட் அக்காக்கள் சொன்னால் கேட்பார். நம் எல்லோருக்கும் செலவழித்தவர், அவருக்கு நாம் செய்யக் கூடாதா என்று உரிமையோடு கேளுங்கள், தயங்கித் தயங்கிக் கேட்டால் மறுத்துவிடுவார்.

மேடைக்குக் கூப்பிடும்போது லேப் அட்டெண்டர் அண்ணனையும் கூப்பிட வேண்டும். கேஸ் தீர்ந்த நாளிலும் பிராக்டிகல் நின்றதில்லை என்றால் பாதிக் காரணம் அவர்தான், மேடமே அதைச் சொல்வார்.

கடைசியாக, கடிதங்களைப் பற்றி இன்னொன்று. நல்ல வேலையில் இருப்பவர்கள் மட்டும் எழுதினால் போதாது. அரியரோடு நின்றுவிட்டவர்கள், கல்யாணமாகி நடுவில் போனவர்கள், திருப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போனவர்கள் எல்லோரையும் தேடிப் பிடியுங்கள். விழா என்றதும் தங்களை நாம் கூப்பிட மாட்டோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். மேடம் அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறார், அவர்களுக்கும் போன் செய்திருக்கிறார், அந்தச் சின்ன நோட்டில் அவர்கள் பெயரும் இருக்கிறது. எழுதக் கூச்சப்பட்டால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு பேர் பொறுப்பு எடுங்கள், மே 20-க்குள் கடிதங்கள் சேர்ந்துவிட்டால் பைண்ட் செய்ய நேரம் இருக்கும். எங்கள் செட்டுக்கு நான் பொறுப்பு, அகஸ்தியம்பள்ளி நண்பனிடம் பேசிவிட்டேன், அவன் முதல் கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டான்.

அன்புடன்,
வேதியியல் துறைப் பழைய மாணவன்
2010–13 செட், மதிய ஷிப்ட்